தேர்தல் செலவுக்கு அரசுப் பணம்: எந்த முறையை எங்கே பொருத்துவது?

தேர்தல் பிரச்சாரத்துக்கு அரசு பணம் தரலாமா, கூடாதா என்று வாதிடுவது எளிது. தரலாம் என்று முடிவான பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. கட்சிக்கா, வேட்பாளருக்கா? தேர்தலுக்கு முன்பா, பின்பா? எதைக் காட்டினால் பணம் கிடைக்கும்? வெளியிலிருந்து யாராவது கோடிகளைக் கொட்டினால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குச் சறுக்கலான பதில் எழுதிவிட்டால், பெரும் நன்கொடையாளர்களின் பிடி அப்படியே இருக்க, அதன் மேல் வரிப்பணமும் சேர்ந்து கரையும். பல நாடுகளில் நடந்திருப்பது இதுதான்.

எந்தத் திட்டத்தையும் எடைபோட ஒரு கேள்வி போதும். இந்த விதி அமலுக்கு வந்தால், தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதத்தில் வேட்பாளர் பணத்துக்காக யார் வீட்டுக்குப் போவார்? தொகுதி மக்களிடமா, கட்சி மேலிடத்திடமா, வட்டிக்குத் தருபவரிடமா, பழைய ஒப்பந்தக்காரரிடமேவா? மானியத் தொகை எவ்வளவு என்பது இதற்கு அடுத்த கேள்வி.

வாக்குக் கணக்கில் கட்சிக்குத் தருவது

உலகில் பரவலாக இருப்பது இந்த முறை. கடந்த தேர்தலில் வாங்கிய வாக்குகளுக்கு ஏற்ப ஆண்டுதோறும் கட்சிக் கணக்கில் பணம் வரவு வைக்கப்படும். நிர்வாகச் செலவு மிகக் குறைவு. வாக்கு எண்ணிக்கை கையில் இருந்தால் பெருக்கல் கணக்கு ஒன்று போதும். ஆயிரக்கணக்கான ரசீதுகளைச் சரிபார்க்க வேண்டியதில்லை. வாக்காளர்கள் கட்சியின் பட்டியலுக்கு வாக்களிக்கும் பட்டியல் முறைத் தேர்தல் நடக்கும் இடங்களில், தனி வேட்பாளர் என்ற பேச்சே பெரிதாக இல்லாததால், இது இயல்பாகப் பொருந்துகிறது.

கனடா 2004 முதல் ஒரு வாக்குக்கு ஆண்டுக்கு 1.75 டாலர் என்று விலைவாசியோடு இணைத்துத் தந்தது. ஜப்பான் 1994 சட்டப்படி நாட்டின் மக்கள்தொகையை 250 யென்னால் பெருக்கி மொத்தத் தொகையை எடுத்துக்கொள்கிறது. அதில் பாதி நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கைப்படியும் பாதி வாக்குப்படியும் பிரிகிறது. பிரேசிலில் 2015இல் உச்ச நீதிமன்றம் நிறுவன நன்கொடையைத் தடை செய்தது. அந்த இடத்தை நிரப்ப 2017இல் தேர்தல் நிதி உருவானது. அதில் 2 சதவீதம் மட்டுமே எல்லாக் கட்சிகளுக்கும் சமம். மற்றதெல்லாம் கீழவை வாக்குகள், உறுப்பினர் எண்ணிக்கை, செனட்டர் எண்ணிக்கை ஆகியவற்றின்படி போகிறது.

இந்த மூன்று நாடுகளும் மூன்று வேறு பாடங்களைத் தருகின்றன. கனடாவில் திட்டம் நன்றாகவே ஓடியது. ஆனால் சாதாரணச் சட்டத்தில் இருந்ததால், நன்கொடை திரட்டுவதில் முன்னணியில் இருந்த ஆளுங்கட்சி அதைப் படிப்படியாகக் குறைத்து 2015இல் நிறுத்திவிட்டது. எதிர்க்கட்சிகளின் மூச்சுக்குழாய் ஆளுங்கட்சியின் கையில் இருந்தால் இதுதான் நடக்கும். ஜப்பானில் பொதுநிதி வந்தால் நிறுவனப் பணம் போய்விடும் என்ற எதிர்பார்ப்பில் சட்டம் வந்தது. நிறுவன நன்கொடைக்கான வழி அடைபடவில்லை. கட்சி விருந்துச் சீட்டு விற்பனை வழியாக வந்த தொகையைக் கணக்கில் காட்டாமல் விட்ட விவகாரம் 2023 இறுதியில் ஆளுங்கட்சியின் குழுக்களையே உலுக்கியது. ஒரு குழாயைத் திறந்துவிட்டு இன்னொன்றை மூட மறந்தால் தொட்டி நிறையும், தண்ணீர் சுத்தமாகாது. பிரேசிலில் தொகை 2018இல் 170 கோடி ரெயாலாக இருந்து 2022இல் 490 கோடியைத் தாண்டியது. எந்த வேட்பாளருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது கட்சித் தலைமை. ஆக, வேட்பாளர் தட்டும் கதவு முதலாளி வீட்டிலிருந்து தலைவர் வீட்டுக்கு மாறியது, அவ்வளவே. பெண் வேட்பாளர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற விதி வந்ததும், பெயருக்கு நிறுத்தப்பட்டு, பணம் வேறு கைக்குப் போகும் போலி வேட்பாளர்களும் வந்தார்கள்.

ஜெர்மனியின் ஏற்பாடு இவற்றைவிடக் கூர்மையானது. சற்று விரிவாகப் பார்க்கத் தகுந்தது. அங்கே முதல் 40 லட்சம் வாக்குகளுக்கு ஒரு விகிதம், அதற்கு மேல் குறைந்த விகிதம். 2002இல் இவை 85, 70 சென்ட். பின்னர் ஒரு யூரோ, 83 சென்ட் என்று உயர்ந்தன. சிறிய கட்சிக்கு இது சாதகம். அதோடு, தனிநபர் தரும் நன்கொடை, உறுப்பினர் சந்தா ஆகியவற்றில் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,300 யூரோ வரை, ஒவ்வொரு யூரோவுக்கும் 45 சென்ட் அரசு சேர்க்கிறது. தகுதி வரம்பும் தாழ்வானது: நாடாளுமன்ற அல்லது ஐரோப்பியத் தேர்தலில் 0.5 சதவீத வாக்கு, மாநிலத் தேர்தலில் 1 சதவீதம். இவற்றுக்கு மேலே இரண்டு பூட்டுகள். எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்து ஆண்டு உச்சவரம்பு ஒன்று. எந்தக் கட்சியும் தானாகத் திரட்டிய வருமானத்தைவிட அதிகமாக அரசிடம் வாங்க முடியாது என்பது மற்றொன்று.

முதல் பூட்டை நாடாளுமன்றம் 2018இல் 19 கோடி யூரோவாக உயர்த்தியது. போதிய காரணம் காட்டப்படவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த உயர்வை ரத்து செய்தது. பணம் வாங்குபவரே தொகையை நிர்ணயிக்கும் சூழலில் வெளியாள் ஒருவர் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இரண்டாவது பூட்டில் ஒரு ஓட்டை இருந்தது. சட்டம் சொன்னது வருமானத்தை, லாபத்தை அல்ல. 2014இல் ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சி இணையத்தில் தங்கம் விற்க ஆரம்பித்தது. விற்றுவரவு முழுவதும் வருமானமாகப் பதிவாகும், அதற்கேற்ப மானிய உரிமை ஏறும். இதைக் கேலி செய்ய ஒரு நையாண்டிக் கட்சி பணநோட்டையே விற்றுக் காட்டியது. 2015 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, வணிக நடவடிக்கையில் செலவு போக மிஞ்சியதை மட்டுமே கணக்கில் எடுக்கும்படி மாற்றினார்கள். வரையறைப் பிரிவில் ஒரு சொல் தளர்ந்திருந்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதைச் சட்டம் எழுதுபவர்கள் இதில் பார்க்கலாம்.

வாக்குக் கணக்கு முறையின் அடிப்படைக் குறை எந்த நாட்டிலும் ஒன்றுதான்: அது நேற்றைய வெற்றிக்குப் பரிசு தருகிறது. புதிய கட்சிக்கு முதல் தேர்தலில் ஒரு காசு இல்லை.

செலவழித்த பிறகு திருப்பித் தருவது

இங்கே வேட்பாளர் முதலில் சொந்தமாகச் செலவழிக்கிறார். குறிப்பிட்ட சதவீத வாக்கு வாங்கியிருந்து, கணக்கும் சரியாக இருந்தால் அரசு ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. கனடாவில் 10 சதவீத வாக்கு பெற்ற வேட்பாளருக்குச் செலவில் 60 சதவீதம் திரும்பும். தென்கொரியாவில் 15 சதவீதம் வாங்கினால் சட்ட வரம்புக்குட்பட்ட செலவு முழுவதும், 10 முதல் 15 வரை வாங்கினால் பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அரசுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. பணம் கணக்கு சரிபார்ப்புக்குப் பிறகுதான் போகிறது என்பதால் ஒழுங்காகக் கணக்கு கொடுக்க எல்லோரும் முந்துவார்கள். பிரான்சில் 2012 அதிபர் தேர்தலில் நிக்கோலா சர்கோசியின் பிரச்சாரக் கணக்கு உச்சவரம்பை மீறியதாக நிராகரிக்கப்பட்டு, அந்த முடிவு 2013 ஜூலையில் உறுதியானபோது, கிடைக்க வேண்டிய ஒரு கோடி யூரோவுக்கும் மேலான தொகை கைநழுவியது. கட்சி ஆதரவாளர்களிடம் அவசர நன்கொடை கேட்க வேண்டிவந்தது. இப்படி நேரடியாகக் கடிக்கும் தண்டனை வேறு எந்த முறையிலும் இல்லை.

வேட்பாளர் பக்கம் நின்று பார்த்தால் இது சூதாட்டம். பிரெஞ்சு அதிபர் தேர்தலின் கணக்கு இப்படி: முதல் சுற்று உச்சவரம்பு சுமார் 1 கோடியே 68 லட்சம் யூரோ. 5 சதவீத வாக்கைத் தாண்டினால் அதில் 47.5 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய 80 லட்சம் யூரோ திரும்பலாம். தாண்டாவிட்டால் 4.75 சதவீதம், சுமார் 8 லட்சம் மட்டும். 2022இல் வேட்பாளர் வலேரி பெக்ரெஸ் 4.78 சதவீதம் வாங்கினார். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றிருந்த அவர், மறுநாளே பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். டெபாசிட் போவதெல்லாம் இதற்கு முன் சிறு விஷயம்.

இதன் மறுபக்கம் கடன். திருப்பித் தரும் முறை என்றாலே நடுவில் கடன் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். வங்கிகள் ஒரு கட்சிக்குக் கடன் மறுத்தால் அந்தக் கட்சி வேறு எங்கோ போகும். பிரான்சின் தேசிய முன்னணி 2014இல் ஒரு ரஷ்ய வங்கியிடம் 90 லட்சம் யூரோவுக்கு மேல் கடன் வாங்கியது. உள்நாட்டு நன்கொடைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டுக் கடனை எட்டிப் பார்க்காமல் விட்டால் செல்வாக்கு அந்த வாசலில் நுழையும். ஆகவே இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்தலுக்கு முன்பே ஒரு முன்பணமும், அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைக்க ஒரு வழியும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒரே வாசல்படியாக வைக்காமல் 3, 5, 8 என்று ஏணிப்படியாக விகிதத்தை ஏற்றுவதும் நல்லது. 4.9க்கும் 5.0க்கும் நடுவில் 70 லட்சம் யூரோ தொங்கும் விதியை யாரும் நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மோசடி என்று வந்தால், கட்சிக்கும் வேட்பாளருக்கும் இடையே பணம் சுற்றிவருவதைக் கவனிக்க வேண்டும். கனடாவில் 2006 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி, தேசிய விளம்பரச் செலவைத் தொகுதி வேட்பாளர்களின் கணக்கு வழியாக ஓடவிட்டது. தேசிய உச்சவரம்புக்குள் இருந்தது போலவும் தெரியும், தொகுதிக் கணக்கில் திருப்பித் தரும் தொகையும் ஏறும். 2011இல் கட்சி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. இத்தாலியின் கதை இன்னும் மோசம். 1993 பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதம் பேர் கட்சிகளுக்கு அரசுப் பணம் வேண்டாம் என்றார்கள். பெயரை மட்டும் ‘தேர்தல் செலவு ஈடு’ என்று மாற்றி அதே பணம் திரும்ப வந்தது. உண்மைச் செலவோடு தொடர்பில்லாமல் தந்ததால் கட்சிகள் செலவழித்ததைவிடப் பல மடங்கு வாங்கின. ஊழல்கள் வெடித்து, 2013 இறுதியில் வந்த சட்டம் நேரடி நிதியையே 2017க்குள் நிறுத்தியது.

சிறு நன்கொடைக்கு இணைநிதி

வேட்பாளர் சாதாரண மக்களிடம் சிறு தொகை வாங்கினால், அதன் மடங்காக அரசு சேர்ப்பது. நியூயார்க் நகரம் 1988இல் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கி, இப்போது ஒன்றுக்கு எட்டு தருகிறது. மேயர் தேர்தலில் ஒருவர் தரும் முதல் 250 டாலருக்கும், நகர மன்றத் தேர்தலில் முதல் 175 டாலருக்கும் மட்டும் இந்த எட்டு மடங்கு.

இந்தப் பெருக்கல் என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு மேயர் வேட்பாளர் ஆயிரம் பேரிடம் தலா 100 டாலர் வாங்கினால் கையில் ஒரு லட்சம். இணைநிதி எட்டு லட்சம். மொத்தம் ஒன்பது லட்சம். இன்னொருவர் நூறு பேரிடம் தலா 1,000 டாலர் வாங்குகிறார். கையில் அதே ஒரு லட்சம். ஆனால் ஒவ்வொருவரிடமும் 250 மட்டுமே பெருகும் என்பதால் இணைநிதி இரண்டு லட்சம், மொத்தம் மூன்று லட்சம். திரட்டிய தொகை ஒன்றே. கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. மாலை நேரத்தை நட்சத்திர ஓட்டல் விருந்தில் கழிப்பதைவிடக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கழிப்பதே லாபம் என்று வேட்பாளரின் பொருளாளரே சொல்லிவிடுவார். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இந்த விளைவு வராது. பெரிய நன்கொடையாளரைத் தேடும் நேரத்துக்கு அது ஈடாவதில்லை. நாலு மடங்குக்குக் கீழே வைப்பதாக இருந்தால் இந்த முறையை எடுக்காமலே இருக்கலாம்.

தகுதி வரம்பு இரண்டு பகுதிகளாக இருக்க வேண்டும்: இத்தனை பேர், இவ்வளவு தொகை. நியூயார்க்கில் மேயர் பதவிக்கு நகரவாசிகள் ஆயிரம் பேரிடம் மொத்தம் இரண்டரை லட்சம் டாலர். நகர மன்றத்துக்குத் தொகுதிக்குள் 75 பேர், 5,000 டாலர். ஆள் எண்ணிக்கை இல்லாமல் தொகை மட்டும் வைத்தால் பத்து நண்பர்கள் போதும். தொகை இல்லாமல் ஆள் எண்ணிக்கை மட்டும் வைத்தால், ஒரு டாலர் சீட்டு விற்றே ஆளைச் சேர்த்துவிடலாம். நகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்போரின் நன்கொடைக்கு அங்கே தனியாகத் தாழ்ந்த உச்சவரம்பு உண்டு. அதற்கு இணைநிதி கிடையாது. இந்த ஒரு பிரிவு பல பக்க ஒழுக்க விதிகளைவிடப் பயனுள்ளது.

இதன் பலவீனம் பினாமி நன்கொடை. எட்டு மடங்கு என்றால், முதலாளி ஒருவர் தன் ஊழியர் நாற்பது பேர் பெயரில் தலா 250 கட்டினால் 10,000 டாலர் போட்டு 80,000 டாலர் பொதுப்பணத்தை வேட்பாளருக்கு வாங்கித் தந்துவிடலாம். 2013இல் இப்படிப்பட்ட வழக்குக்குப் பின் ஒரு மேயர் வேட்பாளருக்கு நகரின் நிதி வாரியம் இணைநிதியை மொத்தமாக மறுத்தது. இதைப் பிடிக்கத் தேவைப்படுபவை அலங்காரமில்லாத விஷயங்கள்: நன்கொடையாளர் கையெழுத்திட்ட அட்டை, முகவரி, வேலை செய்யும் இடம், பணம் தன்னுடையது என்ற உறுதிமொழி, பிறகு, ஒரே முதலாளி, ஒரே நாள், ஒரே தொகை, தொடர் எண் கொண்ட பணவிடை என்று வடிகட்டிப் பார்க்கும் தணிக்கையாளர். இந்தப் பணிக்கு ஆள் இல்லாத ஊரில் எட்டு மடங்கு என்பது அழைப்பிதழ் அச்சடித்து மோசடியைக் கூப்பிடுவது. ரொக்க நன்கொடைக்கு இணைநிதி தருவதற்கு மிகக் குறைந்த வரம்பு வைப்பதும் அவசியம்.

முழு மானியம்

ஐந்தைந்து டாலராகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மக்களிடம் வாங்கிக் காட்டினால், பிறகு தனியார் பணமே தொட வேண்டாம், பிரச்சாரச் செலவை அரசு தரும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 1996இலும் அரிசோனா மாநிலம் 1998இலும் மக்கள் வாக்கெடுப்பில் இதை ஏற்றன. மெய்னில் கீழவைக்கு 60 பேர், மேலவைக்கு 175 பேர் ஐந்து டாலர் தர வேண்டும். ஆசிரியர், பஸ் ஓட்டுநர், கடை ஊழியர் தேர்தலில் நிற்க இதைவிட நேரடியான வழி கிடையாது. சிறிய தொகுதியில் கதவு கதவாகப் போய் 60 கையெழுத்தும் ஐந்து டாலரும் வாங்க ஓரிரு வாரம் போதும்; அதன்பின் பணம் கேட்டு ஒரு போன்கூடப் போட வேண்டியதில்லை.

சிக்கல் எதிராளியிடமிருந்து வருகிறது. பொதுநிதி எடுத்தவர் கையில் நிலையான தொகை; எடுக்காதவர் எவ்வளவும் செலவழிக்கலாம். அரிசோனா இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது. தனியார் பணத்தில் நிற்பவரோ வெளிக்குழுவோ வரம்பைத் தாண்டினால், பொதுநிதி வேட்பாளருக்குத் தானாகக் கூடுதல் தொகை வரும். 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது; ஒருவர் பேசியதற்காக எதிராளிக்குப் பணம் தருவது பேச்சுரிமைக்குச் சுமை என்பது தீர்ப்பின் சாரம். மெய்ன் 2015இல் சுற்றுவழி கண்டுபிடித்தது. எதிராளி என்ன செய்கிறார் என்பதோடு முடிச்சுப் போடாமல், வேட்பாளர் மேலும் ஐந்து டாலர் நன்கொடைகள் சேர்த்தால் மேலும் மானியம் என்று மாற்றினார்கள். நீதிமன்றம் தொட முடியாத வடிவம். மக்கள் ஆதரவு உள்ளவருக்கே பணம் போகும் என்பதால் கொள்கையளவிலும் மேம்பட்டது. முழு மானியம் எழுத உட்காருபவர்கள் பழைய அரிசோனா வடிவத்தை நகலெடுக்க வேண்டாம். மெய்னின் இந்தத் திருத்தத்தைப் பாருங்கள்.

வாக்காளர் கையில் வவுச்சர்

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இந்த முறையை 2015 வாக்கெடுப்பில் ஏற்று 2017இல் நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு வாக்காளருக்கும் 25 டாலர் மதிப்புள்ள நான்கு வவுச்சர் தபாலில் வரும். விரும்பிய நகரத் தேர்தல் வேட்பாளருக்குக் கையெழுத்திட்டுத் தரலாம். சொத்துவரியிலிருந்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வீதம் பத்தாண்டுக்கு ஒதுக்கினார்கள். இணைநிதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது: கையில் 50 டாலர் உபரி இல்லாதவரும் இங்கே நன்கொடையாளர்.

முதல் இரண்டு தேர்தல்களில் பத்தில் ஒருவர்கூட வவுச்சரைப் பயன்படுத்தவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். சொந்தப் பணம் தந்தவர்களைவிட அது பல மடங்கு கூட்டம். ஆனால் பட்ஜெட் போடும்போது இந்த விகிதம்தான் தலைவலி. ஐந்து லட்சம் வாக்காளர், தலைக்கு 100 டாலர்: 8 சதவீதம் பேர் பயன்படுத்தினால் 40 லட்சம், 40 சதவீதம் என்றால் இரண்டு கோடி. மொத்த உச்சவரம்பு வைத்தே ஆக வேண்டும். வைத்தால், முன்னதாக வவுச்சர் திரட்டியவருக்கு வேட்டை, கடைசி மாதம் தாமதமாக வந்தவருக்குக் காலிப் பெட்டி. பதவிவாரியாகத் தனித்தனிப் பங்கு ஒதுக்கினால் இது கொஞ்சம் அடங்கும்.

வவுச்சரை விலைக்கு வாங்குவதும் மிரட்டி வாங்குவதும் நடக்கலாம் என்பதால் கையெழுத்து ஒப்பீடு, யார் யாருக்குத் தந்தார் என்ற பொதுப் பட்டியல் இரண்டும் தேவை. பட்டியல் பொதுவில் இருப்பதால் மிரட்டலுக்கு அஞ்சும் இடங்களில் மக்கள் தயங்குவார்கள் என்பது இதில் தீராத முரண். கையெழுத்து ஒப்பிட நம்பகமான வாக்காளர் பதிவேடு, ஒழுங்கான தபால் விலாசம் ஆகியவை இல்லாத நாட்டில் வவுச்சரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் எளிய உறவினர்கள் வரிவழிச் சலுகைகள். கனடாவில் 400 டாலர் நன்கொடை தந்தால் 300 டாலர் வரியில் கழியும். தென்கொரியாவில் ஒரு லட்சம் வொன் வரை முழுவதும் திரும்புகிறது. வருமான வரி கட்டாதவருக்கு இவற்றால் பயனில்லை என்பதே குறை. நிர்வாகம் மிக எளிது. அமெரிக்காவில் வரிப் படிவத்தில் ஒரு கட்டத்தைத் ‘டிக்’ செய்தால் மூன்று டாலர் அதிபர் தேர்தல் நிதிக்குப் போகும், வரி கூடாது. அப்படியும் 1980 வாக்கில் நாலில் ஒருவருக்கு மேல் செய்ததை இப்போது இருபதில் ஒருவர்கூடச் செய்வதில்லை. மக்கள் தேர்வை நம்பி நிதியைக் கட்டும் எவரும் இந்தச் சரிவைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணமாகத் தராமல் பொருளாக

இலவச ஒலிபரப்பு நேரம், இலவசத் தபால், கூட்ட அரங்கு. பிரிட்டனில் தொலைக்காட்சியில் கட்சி விளம்பரமே கிடையாது; அதற்குப் பதில் இலவச ஒலிபரப்பு நேரமும், வேட்பாளருக்கு ஒரு முறை இலவசத் தபாலும் உண்டு. இந்தியாவில் 1998இல் அறிக்கை தந்த இந்திரஜித் குப்தா குழுவும் பணமாக வேண்டாம், பொருளாகத் தரலாம் என்றே சொன்னது. அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும், சுயேச்சைகளுக்கு இல்லை. திருட முடியாது என்பது இதன் பலம். செலவின் பெரும்பகுதி காகிதத்தில் வராத பணமாக ஓடும் இடத்தில், தபால் தலை தருவதால் அந்த ஓட்டம் குறையப்போவதில்லை என்பது பலவீனம். விளம்பரத் தடையோடு சேர்ந்தால்தான் இதற்கு வலு.

உச்சவரம்பு எனும் கண்ணி

மேலே சொன்ன எதையும் தனியாக எடுக்க முடியாது. செலவு உச்சவரம்பு வைக்க அரசியலமைப்பு அனுமதிக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கனடா, பிரான்ஸ், பிரிட்டனில் முடியும். அமெரிக்காவில் 1976இல் பக்லி வழக்குத் தீர்ப்பு நன்கொடை வரம்பை ஏற்று, கட்டாயச் செலவு வரம்பை ரத்து செய்தது. பொதுநிதியை விரும்பி எடுப்பவர் வரம்பையும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் இடம் கொடுத்தது.

விருப்பத்தின் பேரில் என்றாலே, தொகை கவர்ச்சியாக இருக்கும் வரைதான் ஆட்கள் உள்ளே இருப்பார்கள். அமெரிக்க அதிபர் நிதி 1976 முதல் பல தேர்தல்கள் நன்றாக ஓடியது. பொதுத்தேர்தல் மானியம் விலைவாசியோடு ஏறியது. பிரச்சாரச் செலவு அதைவிட வேகமாக ஏறியது. 2008இல் குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் 8 கோடியே 41 லட்சம் டாலர் எடுத்துக்கொண்டு அந்த வரம்புக்குள் நின்றார். ஒபாமா மறுத்து, மொத்தப் பிரச்சாரத்துக்கும் 70 கோடிக்கு மேல் திரட்டினார். 2012 முதல் பெரிய கட்சிகளின் அதிகாரபூர்வ அதிபர் வேட்பாளர் யாரும் அந்தப் பொதுத்தேர்தல் மானியத்தை எடுக்கவில்லை. நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்தால் போதாது, முந்தைய இரண்டு தேர்தல்களின் உண்மைச் செலவோடு இணைக்க வேண்டும் என்பது இங்கே கிடைக்கும் கணக்கு.

வெளிக்குழுச் செலவும் இப்படித்தான். சியாட்டிலில் 2019இல் அமேசான் நிறுவனம் நகர மன்றத் தேர்தலில் ஒரு வணிக அமைப்பின் குழு வழியாக 14 லட்சம் டாலருக்கு மேல் போட்டது. வவுச்சர் வேட்பாளர்களை வரம்புக்குள் கட்டிப்போட்டால் அடி வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால் அங்கே எதிர்ப்பக்கச் செலவு வரம்பைத் தாண்டியதும் அவர்களுக்கும் வரம்பு தளர்த்தப்படும். ஆனால் கூடுதல் பணத்தை அவர்கள் தாங்களே திரட்ட வேண்டும். அரிசோனா தீர்ப்புக்குப் பிறகு எஞ்சியிருக்கும் நடைமுறைத் தீர்வு இது.

எங்கே எது

பெருநகர மேயர் பதவிக்கும் பெரிய மன்றங்களுக்கும், தணிக்கை அமைப்பு வலுவாக இருந்தால், ஆறு முதல் எட்டு மடங்கு இணைநிதி. சிறிய தொகுதிகளுக்கு, வேட்பாளர் நடந்தே வாக்காளர்களைச் சந்திக்க முடியும் என்றால், மெய்ன் வடிவ முழு மானியம். செலவும் கட்டுக்குள் நிற்கும். பட்டியல் முறையில் கட்சிகள் மோதும் நாட்டுக்கு ஜெர்மன் கலவை: வாக்குக்குக் கொஞ்சம், சிறு நன்கொடைக்குக் கொஞ்சம், சொந்த வருமானத்தை மீறாத பூட்டு. திருப்பித் தரும் முறையைத் தனியாக வைக்க வேண்டாம். வேறொன்றோடு சேர்த்து, கணக்கு ஒழுங்காக வர உதவும் தூண்டிலாக மட்டும் வைக்கலாம். ரொக்கமே ஆட்சி செய்யும், கணக்குத் தணிக்கை பெயரளவில் நடக்கும் இடத்தில் இவை எதுவும் வேண்டாம். நன்கொடை வெளிப்படைத்தன்மையும் தணிக்கை அதிகாரமும் முதலில் வர வேண்டும். அதுவரை இலவச ஒலிபரப்பு நேரமும் தபாலும் போதும்.

சட்ட வரைவில் தவறவிடக்கூடாதவை சில. நிதியை ஆண்டு பட்ஜெட் பேரத்துக்கு விடாமல், பல ஆண்டுக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். கனடாவில் நடந்தது ஒரு எச்சரிக்கை. பணம் தேர்தலுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு முதல் தவணையாகப் போக வேண்டும். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன் வரும் பணத்தால் கடைசி நேர விளம்பரம் மட்டுமே வாங்க முடியும். ஆள் சேர்க்க முடியாது. போட்டியே இல்லாத தொகுதியில் தொகையைக் கால்வாசியாகக் குறைக்க ஒரு பிரிவு தேவை. இல்லாவிட்டால் பெயருக்கு ஓர் எதிராளியை நிறுத்தி முழுத் தொகையும் வாங்குவார்கள். குடும்பத்தாருக்குச் சம்பளம், வேட்பாளருக்குச் சொந்தமான கட்டடத்துக்கு வாடகை, வாகனம் வாங்குதல், அபராதம் கட்டுதல் ஆகியவை பொதுநிதியிலிருந்து கூடாது என்று பெயர் சொல்லியே பட்டியலிட வேண்டும். ‘பிரச்சாரம் சார்ந்த செலவு’ என்று பொதுவாக எழுதினால் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

கடைசியாக, மிச்சப் பணம். தேர்தல் முடிந்த பிறகு கணக்கில் மிஞ்சுவது முதலில் பொதுநிதிக்குத் திரும்ப வேண்டும். பிரச்சாரத்துக்கு வாங்கிய கணினி, அச்சு இயந்திரம் போன்றவற்றை விற்று அந்தத் தொகையும் சேர வேண்டும். இதற்குக் கெடு நாள் குறிப்பிட்டு, தவறினால் கட்சியின் பொருளாளரும் வேட்பாளரும் சேர்ந்து பொறுப்பு என்று எழுதுங்கள். அடுத்த தேர்தலில் அதே வேட்பாளர் மனு செய்யும்போது, பழைய பாக்கி தீர்ந்த சான்றிதழ் இல்லாமல் ஒரு தவணையும் போகக்கூடாது.